மௌரீன் அக்கா போட்ட ஓட்டுக்கூரை

எங்கள் மௌரீன் அக்காவுக்குப் பொறாமை வந்தால் சோறு இறங்காது. கூடப் பிறந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். கான்வென்ட் பள்ளியில் காலமெல்லாம் கணக்கு நடத்தியவள், எங்கள் பேட்டையான மர்பி டவுனில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவள். ஆனால் பக்கத்து வீட்டு பிரிஜெட் பேச்சை எடுத்தால் போதும், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள்.

பிரிஜெட் வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்திதான். அக்காவின் கணவர் ஆண்ட்ரூவுக்கு அண்ணன் ஆம்ப்ரோஸ். அவர் மனைவி பிரிஜெட். மாமனார் இடத்தைப் பங்கு போட்டபோது பெரிய ரோட்டைப் பார்த்த மூலை மூத்தவருக்கும், சந்துப் பக்கம் இளையவருக்கும் போனது. ஆண்ட்ரூ மாமா சரி என்று தலையாட்டிவிட்டார். அந்த மனுஷன் எதற்குத்தான் தலையாட்டவில்லை! மூலையில் ஆம்ப்ரோஸ் மாடி வைத்துக் கட்டி, மேலே சிவப்பு ஓட்டில் சாய்வுக்கூரை போட்டார். சர்ச்சில் பூசை முடிந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அக்காவுக்கு அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல். தங்கவயலில் சுரங்கக் கம்பெனியின் லைன் வீட்டில் தகரக் கூரைக்குக் கீழே வெந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கூரை என்றால் எங்களுக்கு லேசான விஷயமில்லை.

அவள் ரிட்டயர் ஆனதும் பழைய வீட்டை இடித்துக் கட்ட முடிவானது. இன்ஜினியர் தீபிகா சின்னப் பெண், பொறுமைசாலி. அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: பிரிஜெட் வீட்டைப் போலவே மாடியும் வேண்டும், ஓட்டுக்கூரையும் வேண்டும். தீபிகா டேப்பைப் பிடித்துச் சந்தின் அகலத்தை அளந்தாள். சந்து குறுகல் என்பதால் வீட்டின் உயரத்துக்கு வரம்பு உண்டு என்றும், மாடிக்கு மேல் சாய்வுக்கூரை ஏற்றினால் வரம்பைத் தாண்டிவிடும் என்றும் விளக்கினாள்.

"ரெண்டும் கேட்டா பிளான் பாஸ் ஆகாது மேடம். மாடி கட்டி மேல மட்டமா கான்கிரீட் மோல்டிங் போடலாம். இல்ல, கீழ் வீடு மட்டும் கட்டி ஓடு போடலாம். யாவுது பேக்கு, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா விடுவாளா? சாய்வைக் குறைத்தால் உயரம் குறையுமே என்று பேப்பரில் முக்கோணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் கணக்கு சரிதான். ஆனால் அவ்வளவு படுக்கையாகப் போட்டால் ஓட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் ஏறி வீட்டுக்குள் ஒழுகும் என்று தீபிகா சொல்லிவிட்டாள். அக்காவின் முகம் செத்துவிட்டது.

மகள் லீனா அப்போது கல்யாணமாகி எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்தாள். மாடியே கட்டு அம்மா, நாளைக்கு நான் வந்தால் எங்கே படுப்பேன் என்று கேட்டாள். நானும் சொன்னேன். சொன்னால் கேட்கிற ஜென்மமா? ஹாலில் இடமில்லையா என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, ஓட்டுக்கூரைக்கே ஒற்றைக் காலில் நின்றாள். ஒரே ஒரு படுக்கையறை, அதன்மேல் நெடுநெடுவென்று சிவப்புக் கூரை. புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பாதர், கூரை அழகு என்றார். அக்கா திரும்பிப் பார்த்தது பிரிஜெட்டின் முகத்தை.

அடுத்த வருஷம் லீனா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். கூடவே வந்த மாப்பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் வெளிநாட்டு போன் கால், வீட்டிலிருந்தே வேலை. மூடிய அறை வேண்டும், இருந்த ஒன்றும் அவருக்கே போனது. ஆண்ட்ரூ மாமா ஹாலில் படுத்துக்கொண்டு விடியவிடிய இருமினார். நிறைமாதக்காரி எங்கே படுப்பாள்? நாலு நாள் தாங்கவில்லை. பிரிஜெட் வந்து வாசலில் நின்றாள்.

"மேல் ரூம் சும்மாதான் கெடக்குது மௌரீன். அவளும் எம் பொண்ணுதானே."

நல்ல மனசோடுதான் சொன்னாள், அதுதான் கொடுமை. பொம்பளைப் பிள்ளை இல்லாதவள், எத்தனை நாள் ஆசையோ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். பின்னால் அக்கா வரவே இல்லை. பெற்ற மகளின் தலைப்பிரசவம் ஓரகத்தி வீட்டில் என்றால் சர்ச்சில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? பேசினார்கள்.

பேரன் பிறந்தான். பத்தியச் சாப்பாடு அக்கா சமைப்பாள், பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, எல்லாம். தூக்குவாளியோடு பிரிஜெட் வீட்டுப் படியேறுவாள். அங்கே காலை நீட்டிப் போட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதும், சாம்பிராணி காட்டுவதும் பிரிஜெட். அக்கா தூக்குவாளியை வைத்துவிட்டு விருந்தாளி போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள். சொந்தப் பேரனைத் தூக்குவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு!

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூரை கூரை என்று குதித்தாயே என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.

"புள்ள நேத்து சிரிச்சுது சிரில்," என்றாள், தலை நிமிராமல். "பிரிஜெட்டைப் பார்த்துடா. நானும் பக்கத்துலதான் நின்னேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் பூண்டை உரித்துப் போட்டேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அந்த தீபிகாவுக்குப் போன் போடு. ஓடெல்லாம் பிரிச்சுட்டு மேல ஒரு ரூம் கட்ட எவ்ளோ நாள் ஆகும்னு கேளு. சீக்கிரம் கேளுடா, அதுக்குள்ள புள்ள அவ மடிக்கே பழகிடப் போவுது."