டைப் அடிக்கும்போது கூப்பிடாதீங்க

பத்திரிகை டைப் அடிக்கிற வேலைக்குக் கண்ணும் கையும் போதும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். காதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரணும் என்று யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற உங்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? ஸ்ரீரங்கத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் அச்சுக்கடை. வாடிக்கையாளர்கள் அச்சடிக்க வேண்டிய மேட்டரை அனுப்புவதும் என் செல்போனுக்குத்தான், என் குடும்பம் கூப்பிடுவதும் அதற்குத்தான்.

விருந்து

ஜீயபுரத்துக்காரர் மகள் கல்யாணப் பத்திரிகை. பாதியில் என் மகனிடமிருந்து ஒரு செய்தி: "அம்மா, துவரம்பருப்பு எங்கே?" கம்ப்யூட்டரிலேயே திறந்து வைத்திருந்த வாட்ஸப்பில் பதில் அடித்து அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அனுப்பியதாகத்தான் நினைத்தேன். அது பத்திரிகைக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. 'இரவு விருந்து நடைபெறும்' என்பதற்குக் கீழே, 'மேல் தட்டில், சிவப்பு மூடி டப்பா.'

எங்கள் முதலாளிக்கு என் பெரியவன் வயது. "இன்னொரு தப்பு வந்தா ஜெராக்ஸ் மெஷினுக்குப் போயிடுங்கம்மா" என்றார். எழுத்துக் கூட்டி இந்த வேலையைக் கற்றுக்கொண்டவள் நான். அந்த நாற்காலியை விட மனசில்லை. பெண்ணின் அப்பா மட்டும் ப்ரூஃபை நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, விருந்துக்கு வர்றவங்களே பருப்பைத் தேடி எடுத்துக்கணுமா?"

சத்தத்தை அடக்கினேன்

மறுநாள் போனை ஊமையாக்கிப் பைக்குள் போட்டேன். ஆகா, என்ன நிம்மதி! நாலு பக்கம் மளமளவென்று முடிந்தது. சாயங்காலம் பொன்மலையிலிருந்து ஒருவர் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். பேத்தி காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வேண்டுமென்று காலையிலேயே போட்டோ அனுப்பி, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "நிம்மதியா இருக்கணும்னா போர்டுல நம்பரை எதுக்குங்க போட்டிருக்கீங்க?"

பாராயணம்

நாங்கள் சில பெண்கள் போனிலேயே சேர்ந்து தினமும் பாராயணம் செய்வோம். பகவான் நாமம் காதில் விழட்டுமே என்று போனைக் கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அடிப்பேன். அன்றைக்கு என் பக்கத்து மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். ஒரு அம்மா கருமாதிப் பத்திரிகைக்கு வந்திருந்தார். அடித்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது எங்கள் கடை வழக்கம். படித்தேன்: "எனது அருமைக் கணவர் இறைவனடி சேர்ந்தார்..." பெயரையும் சேர்த்துத்தான் படித்தேன். ஆனால் என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதே கிடையாது. குழுவில் யாருக்கு அவர் பெயர் தெரியும்?

பாராயணம் அப்படியே நின்றது. என் வீடு தெரிந்த இரண்டு பேர் மாலை வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கதவைத் திறந்த மனுஷர் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அவ வேலைக்குப் போயிருக்கா, உள்ள வாங்க. மாலை யாருக்கு?"

பக்கத்தில் இருந்தவர்

அங்கே அப்படி என்றால், இங்கே குழுவின் மற்றவர்களெல்லாம் என் போனுக்கு வரிசையாகக் கூப்பிட்டு அழுதார்கள். "ஐயோ, அவர் நல்லா இருக்காருங்க" என்று வைப்பதற்குள் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பி அந்த அம்மாவிடம், "எந்த மண்டபம்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். அவரும் அலுக்காமல் சொன்னார். கடைசியில் என் போனைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "அவரு போனதுக்கு எனக்கே இத்தனை பேர் கூப்பிடலைங்க அக்கா."

மேஜை டிராயர்

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து போய் போனை முதலாளி கையில் கொடுத்தேன். "என்னை ஜெராக்ஸுக்கு மாத்துங்க தம்பி, பரவாயில்லை. இந்தம்மாவோடது மட்டும் தப்பில்லாம போகட்டும்." ரங்கநாதா என்று உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மறுபடி அடித்தேன். முதலாளி எழுத்தெழுத்தாகப் பார்த்தார். ஒரு புள்ளி தவறவில்லை. நாற்காலி பிழைத்தது.

அன்றிலிருந்து கடைக்குள் நுழைந்ததும் என் போன் அவருடைய டிராயருக்குப் போய்விடும். மேட்டர் வந்தால் அவரே பார்த்துச் சொல்கிறார், அழைப்பு வந்தால் அவரே எடுக்கிறார். நேற்று அரை மணி நேரம் யாரிடமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். என்ன என்று திரும்பினேன். "உங்க பொண்ணுதாம்மா. மாமியாரோட மனஸ்தாபமாம், நான் சமாதானம் சொல்லிட்டிருக்கேன், நீங்க டைப் அடிங்க!"

ஆக, என் கவனம் சிதறாமல் இருக்க வேண்டுமென்றால், இந்தக் கடையில் வேறொருவர் கவனம் முழுசாகச் சிதற வேண்டியிருக்கிறது.