பிளைமவுத்துக்கு மாட்டிய லாரிப் புல்லி

லைட்ஹவுஸ் குப்பத்தில் கங்காதரனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நானும் சொல்வேன், அவர் என் அக்கா பச்சையம்மாவின் வீட்டுக்காரர். ஆனால் நான் முழுதாகச் சொல்வேன். பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கியதால் வந்த வினையை நாங்கள் பார்த்தாயிற்று.

மீன் காயப்போடும் களத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஷெட். போட் எஞ்சின் வேலை, நான் அவருக்குக் கையாள். கடலில் வருகிற போட்டின் சத்தத்தைக் கரையில் நின்றபடியே கேட்டு, "முத்துராஜு, பெரியசாமி போட்ல டீசல் நாஸில் அடைச்சிக்கிச்சு" என்பார் என்னிடம். போட் வந்து பார்த்தால் அப்படியே இருக்கும். கோபம் வந்தால் மனுஷனைத் திட்டமாட்டார், ஸ்பேனரைத் திட்டுவார். ரப்பர் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "இந்த உப்புக் காத்துல ரப்பரு எத்தினி நாளு தாங்கும்? இரும்புன்னா இரும்பு" என்பார்.

குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போகிற போட்டில் ஏதாவது உடைந்தால், கரையில் சும்மா கிடக்கிற போட்டிலிருந்து அதே சாமானைக் கழற்றி மாட்டிக்கொள்வோம். உடையவனிடம் அப்புறம் சொன்னால் போதும், நாளைக்கு அவனுக்கும் தேவைப்படும். பொருந்துகிறதா என்றுதான் பார்ப்போம், வேறெதையும் பார்க்கமாட்டோம். கங்காதரன் அதிலேயே ஊறியவர்.

காட்டூர் தருமலிங்கம் நெல் விவசாயி. அவருடைய அப்பா வாங்கிவைத்த பிளைமவுத் கார் ஒன்று அவரிடம் இருந்தது. எழுபது வருஷத்து வண்டி, ஆறு சிலிண்டர். கங்காதரனைத் தவிர வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டார். அவருக்கு ஒரே பெண், நந்தினி. காலேஜில் படிக்கும்போதே அந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் ஓட்ட, தருமலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வருவார். மகளைப் பற்றிய பெருமை அவருக்குத் தாங்காது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கார் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. எஞ்சினின் முன்பக்கம், பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் நுனியில், ஃபேன் பெல்ட் ஓடுகிற புல்லி இருக்கிறதே, அந்தக் காரில் அது இரண்டு இரும்பு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் செத்துப்போய் வெளிவளையம் ஆடியது, பெல்ட் கழன்று கழன்று விழுந்தது.

"புதுசு கெடைக்க ரெண்டு மாசம் ஆனாலும் பரவால்ல கங்கா, எனக்கு அவசரமில்ல" என்றார் தருமலிங்கம்.

"இன்னாத்துக்குண்ணே ரெண்டு மாசம்? ஒரு மணி நேரத்துல குடுக்குறேன்" என்றார் இவர். யார் கேட்டார்கள் ஒரு மணி நேரத்தில்? எல்லாம் தலைக்கனம்.

கரையில் ஒரு பழைய லாஞ்ச் போட் கிடந்தது. அதில் இருந்தது லாரி எஞ்சின், பிளைமவுத்துக்குப் பங்காளி மாதிரி, ஒரே கம்பெனி. அதன் புல்லி முழு இரும்பு. கழற்றிக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தார். துளை அதே அளவு, புல்லி வழுக்காமல் பிடிக்கும் சாவிக்கட்டை உட்காரும் காடியும் அதே இடத்தில், பெல்ட்டும் நேராக நின்றது. "பாத்தியாடா, ஆயுசுக்கும் போவாது" என்று என் முதுகில் தட்டினார்.

நான்கு மாதம் கழித்து நந்தினி ஷெட்டுக்கு வந்தாள். "மாமா, முள்ளு நாப்பதத் தொட்டா வண்டி ஒரு மாதிரி உறுமுது. கை நடுங்குது" என்றாள்.

"பழைய வண்டி அப்பிடித்தாம்மா இருக்கும், நீ அழுத்தாத" என்று சிரித்து அனுப்பிவிட்டார். பானெட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் சொன்னதை அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

இன்னும் நான்கு மாதம். ஆரம்பாக்கம் பக்கத்தில் ஹைவேயில் நந்தினி தனியாகப் போகும்போது எஞ்சின் படாரென்று நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்து பிரித்தோம். கிராங்க் இரண்டாக ஒடிந்து, எஞ்சின் பிளாக்கும் வெடித்திருந்தது. ஒடிந்த இடத்தில் பாதி பளபளப்பு, பாதி கறுப்பு. ஒரே நாளில் ஒடிந்தால் அப்படி இருக்காது. கங்காதரன் ஒடிந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சென்னையில் லேத் வைத்திருக்கும் ஜெரோமுக்கு போன் போட்டு, புல்லி மாற்றியதைச் சொன்னார். ஜெரோம் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"யோவ், அந்த ரப்பரு இன்னா அழகுக்கா வச்சிருக்கான்? பிஸ்டன் அடிக்க அடிக்க கிராங்க் முறுக்கிக்கும். அந்த முறுக்க வாங்கிக்கத்தான் ரப்பரு. லாரி மெதுவா ஓடும், கிராங்கும் தடி, தாங்கும். இது கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டு ஒடிஞ்சிருக்கு."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் தருமலிங்கம் வந்துவிட்டார். ஒடிந்ததைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "இன்னா கங்கா, பொண்ணு வேகமா முடுக்கிட்டாளா?" என்று கேட்டார்.

கங்காதரன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஆமாண்ணே" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்ன பொய், ஒரே ஒரு வார்த்தை. நான் அதைக்கூடச் சொல்லவில்லை, வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் நின்றேன்.

நாற்பதைத் தாண்டவே இல்லை என்று நந்தினி அழுதாளாம். "கங்கா எங்கிட்ட பொய் சொல்லுவானா?" என்றாராம் அப்பா. அதற்குப் பிறகு வீட்டில் இருந்த ஸ்கூட்டி சாவியைக்கூட அவள் கையில் கொடுக்கவில்லை. அவளும் ரோஷக்காரி. சென்னையில் வேலை தேடிக்கொண்டு போனாள், பொங்கலுக்கு ஒருநாள் வருவாள். போனில் அப்பாவும் மகளும் "சாப்ட்டியா" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இதையெல்லாம் தருமலிங்கமே ஷெட்டில் உட்கார்ந்து எங்களிடம் சொல்லி வருத்தப்படுவார். காரை ஒடித்ததுகூடப் பரவாயில்லை, ஒப்புக்கொள்ளவில்லையே என்பார். நான் டீ வாங்குகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவேன்.

"போய்ச் சொல்லித் தொலை மாமா" என்று எத்தனையோ முறை சொன்னேன். அறுப்பு முடியட்டும் என்பார், மழை விடட்டும் என்பார். குப்பத்து வேலையில் மட்டும் மாறிவிட்டார். ஒரு எஞ்சினுக்கு இன்னொரு எஞ்சின் சாமானை மாட்டவே மாட்டார், ஒரு வாஷருக்கு ஒன்பது கேள்வி கேட்பார். பாதிப் பேர் வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள்.

போன புரட்டாசியில் தருமலிங்கம் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தோம். பந்தி நடந்துகொண்டிருந்தது. நந்தினி சாதக் கூடையோடு வந்தபோது கங்காதரன் அவள் முன்னால் போய்க் கைகூப்பி நின்றார்.

"அம்மா, வண்டி ஒடிஞ்சது உன்னால இல்ல. நான் மாட்டின புல்லியால. அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்க நைனாகிட்ட மாத்திச் சொல்லிட்டேன்."

நந்தினி கூடையைக் கீழே வைத்தாள். அவள் கத்தியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"என்னால இல்லன்னு எனக்குத் தெரியாதா மாமா? நான்தானே ஓட்டினேன்" என்றாள். "தெரியாமப் போனது நைனாவுக்குத்தான்."

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனாள்.