உருண்டை தராத மெசின்

அந்த நாட்களில் ராஜபாளையம் ஸ்டேஷனில் நான் அசிஸ்டெண்ட் மாஸ்டர். என்னை விடுவிக்க வர வேண்டியவர் மலேரியாவில் படுத்துவிட்டார். முந்தின நாள் மதியம் உட்கார்ந்த நாற்காலியில் மறுநாள் மதியமும் நானே உட்கார்ந்திருந்தேன். யார் வாயைத் திறந்தாலும் எரிந்து விழத் தோன்றியது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைத் தடம். ஒரு வண்டி அதில் இருந்தால் இன்னொன்று போகக்கூடாது. அதற்கென்று இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு மெசின். தடம் காலியாக இருந்தால்தான் அது இரும்பு உருண்டை ஒன்றைத் தரும். உருண்டை கைக்கு வராமல் டிரைவர் நகர மாட்டார். ஆனால் அந்தச் சனியன், தடம் காலியாக இருக்கும்போதும் மாதத்தில் பாதி நாள் மக்கர் பண்ணும். குத்துவோம், தட்டுவோம், கடைசியில் போனில் பேசிக்கொண்டு உருண்டைக்குப் பதில் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவோம்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பாசஞ்சர் வந்து நின்றது. உருண்டை வரவில்லை. இரண்டு குத்து விட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரைக் கூப்பிட்டேன். "மறுபடியும் மக்கரா? எழுதிக் குடும் வே," என்றார் அங்கிருந்த மாஸ்டர், கொட்டாவியோடு. எழுதி, தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனிடம் கொடுத்து, டிரைவரிடம் சேர்க்கச் சொன்னேன்.

பாயிண்ட்ஸ்மேன் நகரவில்லை. "அய்யா, காலையில போன சல்லி வண்டி இன்னும் திரும்பலையே?"

அதே ஒற்றைத் தடத்தில் சல்லி கொட்டப் போன வண்டி. நானேதான் உருண்டை கொடுத்து அனுப்பினேன். அந்த நேரம் அது என் தலையிலும் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் மாஸ்டர் தலையிலும் இல்லை. "ஏலே, அது எப்பவோ வந்தாச்சு. போ," என்றேன். எவ்வளவு உறுதியாகச் சொன்னேன்!

போனவர் எஞ்சினுக்கு முன்னால் தண்டவாளத்தில் இறங்கி நின்றுகொண்டார். டிரைவர் விசில் மேல் விசில் ஊதினார். நான் கத்திக்கொண்டே ஓடினேன்.

"செத்த நேரம் பொறுங்கய்யா. சல்லி வண்டியில அம்புட்டுப் பொம்பளையாளுக இருக்காக," என்றார். சீட்டைப் பிடுங்கக் கை நீட்டினேன். அப்போது எதிரே புகை தெரிந்தது.

சல்லி வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து பக்கத்துத் தடத்தில் நின்றது. வெறுங்கூடைகளோடு பெண்கள் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கர்த்தரே என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டேன். சீட்டை அன்றே கிழித்துப் போட்டேன்.

பாயிண்ட்ஸ்மேன் எஞ்சினை மறித்ததாகப் பாசஞ்சரின் கார்டு மேலே எழுதிவிட்டார். ஏன் மறித்தான் என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், வீட்டில் கைக்குழந்தை. கள்ளைக் கையால் தொடாத அந்த மனிதர் குடித்துவிட்டு வந்திருந்தார் என்று எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைக்கச் சொன்னேன்.

"அய்யா எழுதுனாச் சரியாத்தான் இருக்கும்," என்று கட்டைவிரலை மையில் வைத்தார். பாவி நான், காகிதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அவரை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. ரயில்வே சட்டையைக் கழற்றி ஒப்படைக்க வந்தவர் கேட்டார்: "அய்யா, அதுல என்ன எழுதியிருந்திய?"

"நடந்ததைத்தான்."

"நடந்ததுக்கா என்னைய அனுப்புதாவ?"

"ஆமா," என்றேன்.