தலையீற்றுக் கன்று

லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அறுப்பின் பண்டிகை வந்தால், பால்வெட்டுகிற நமக்கு அறுப்பு ஏது என்று கேலி பேசுகிறவள் நான்தான். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் விளைந்த மரவள்ளி, வாழைத்தார், கோழி, இவைதான் வேதக்கோயிலுக்கு எங்கள் காணிக்கை. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். அந்த வருஷம் மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. எங்கள் பசு முதல் கன்று போட்டதும் வந்த ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டுக்காரர் சபையில் எழுந்து நின்று, "தலையீத்துக் கன்னு ஆண்டவருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கைக்குழந்தைக்காரி நான். மலேரியாக் காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிப் போயிருந்தது. டின் பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றால் போனது. பசும்பால் கிடைத்த பிறகுதான் அவன் உடம்பு தேறியது. எங்கள் பசுவோ கன்று முட்டாமல் ஒரு சொட்டுப் பால் விடாது. ஏலத்தில் கன்று எந்தத் தோட்டத்துக்குப் போகுமோ, அதற்குப் பிறகு என் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனம் கேட்காமல், கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியாரிடம் போனேன்.

"ஆண்டவரோட ஜனங்க எகிப்தை விட்டு வந்த நாள்லேருந்தே தலையீத்து எல்லாம் அவருக்குத்தாம்மா. மனுஷர்ல தலைச்சன் புள்ளையும் சேத்துத்தான். ஆனா புள்ளைய மீட்டுக்க அவரே வழி வச்சிருந்தாரு."

"கன்ன மீட்டுக்க முடியாதுங்களா ஐயா?"

"மாட்டுக்கு அந்த வழி இல்ல. இருந்தாலும் நாம இப்ப அந்தச் சட்டத்துக்குக் கீழ இல்லையேம்மா. ஒரு சேவலைக் கொண்டாந்து வைங்க. ஆண்டவருக்குப் புரியும்."

ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முடியாது என்று தலையை ஆட்டினார். எனக்கு வந்ததே கோபம்!

"ஒங்க ஆண்டவருக்கு எம்புள்ளை குடிக்கிற பால்தான் கெடச்சுதா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ பிரசவ வலியில கெடந்தப்ப, ரெண்டு உயிர்ல ஒன்னுதான் தங்கும்னாரு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர். தலையீத்தைக் குடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டு, உன்னைய மட்டும்தான் கேட்டேன். புள்ளையக் கேக்கல. அவராத்தான் குடுத்தாரு. இப்ப நான் வாக்கு மாறுனா, கேக்காம குடுத்ததைத் திருப்பி எடுத்துக்க மாட்டாரா?"

என்னைக் கேட்டாரே என்று நெஞ்சு நிறைந்தது. பிள்ளையைக் கேட்காமல் விட்டாரே என்று அதே நெஞ்சு எரிந்தது. இரண்டும் அடங்கிய பிறகு, அவருடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தலைச்சன் என்று உபதேசியார் சொன்னது நினைவுக்கு வர, எங்கள் தலைச்சனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை கன்றின் கயிற்றை நானே பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பசு லயத்திலிருந்து கத்துவது வழி நெடுகக் கேட்டது. உபதேசியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கன்றை ஏலம் விடாமல் கோயில் கொட்டகையிலேயே கட்டி வைத்தால், நான் பசுவை அங்கே ஓட்டி வந்து கறந்துகொள்வேன் என்றேன். அவர் சம்மதித்தார். அன்று முதல் காலையிலும் மாலையிலும் பசுவை ஓட்டிக்கொண்டு போனேன். கன்று முட்டியது, பசு பால் விட்டது, பிள்ளை வயிறாரக் குடித்தான்.

ஆனால் இது கொடுத்ததா, கொடுத்ததுபோல் வைத்துக்கொண்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று உபதேசியார் சொன்னபோது இருவரும் தலையாட்டினோம். அதற்குப் பிறகு பிள்ளை ஒரு தும்மல் போட்டால்கூட, நாங்கள் முதலில் அவனைப் பார்ப்பதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.