லொஸ்ட் என்று சொன்னேன்

சேர் வீட்டுச் சுவரில் ஒரு பத்திரிகைக் கட்டுரை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வெளிநாட்டு நிருபராகப் போர் நடந்த ஊர்களில் அலைந்து, பிறகு லண்டனில் இருந்து அரசியல் பத்தி எழுதிய வெள்ளைக்காரர் அவர். அந்தக் கட்டுரைக்குத்தான் அவருக்குப் பரிசு கிடைத்தது. இலங்கைப் போரின்போது வன்னியில் அவருக்குக் கார் ஓட்டியதும் மொழிபெயர்த்ததும் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். “பரிசில் பாதி உன்னுடையது, ஆனால் தரமாட்டேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

பல நாடுகள் சுற்றி நானும் லண்டனுக்கு வந்து, வெம்பிளியில் வாடகைக் கார் ஓட்டினேன். சேருக்குக் கண் மங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். பழைய கட்டுரைகளைப் புத்தகமாக்க நினைத்தார். காத்திருக்கும் நேரத்தில் நான் வாசித்துக் காட்டுவேன். அந்தக் கட்டுரையை அப்போதுதான் முழுதாக வாசித்தேன். ஒரு தாயின் மகன் கொல்லப்பட்டான் என்று அதில் இருந்தது. சனநெரிசலில் மகனின் கையை விட்ட அந்தத் தாய், நான் அக்கா என்று கூப்பிட்டவர், எங்களிடம் சொன்னது, “பிள்ளையைத் துலைச்சுப்போட்டன்” என்றுதான். நான் ‘லொஸ்ட்’ என்றேன். செத்தாலும் ஆங்கிலத்தில் அதே சொல்லைத்தான் சொல்வார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது.

சேரிடம் சொன்னேன். பிழையாக எழுதியவனே நேரில் போய்த் திருத்த வேண்டும் என்றார். நான் தடுத்தேன். கட்டுரையை இங்கே வாசித்த உறவினர் சொல்லி, அக்கா, மகனுக்கு அந்தியேட்டி என்ற ஈமச்சடங்கும் செய்து முடித்திருந்தார். வெள்ளைக்காரர் பிறகு விசாரித்து அறிந்துதான் எழுதியிருப்பார் என்று நம்பினார். சேர் கேட்கவில்லை.

அக்காவும் லண்டனுக்கு வந்து, கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் மகளோடு குடியிருந்தார். கதவைத் திறந்ததும், “என்ன தம்பி, இன்னும் இந்தக் கிழவருக்குத்தானோ கார் ஓடுறீர்?” என்றார்.

சேர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். மகன் இறந்ததற்குத் தன்னிடம் எந்தச் சான்றும் இல்லை, எழுதியது பிழை, மன்னிக்க வேண்டும்.

“அப்ப இவருக்கு ஒண்டும் தெரியாதோ?”

“தெரியாது அக்கா. பிழை என்ரை.”

“வருசா வருசம் திவசம் குடுத்தனான்.” தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “இனித் திரும்பவும் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கோணுமோ, தம்பி?”

அக்கா என்ன சொல்கிறார் என்று சேர் கேட்டார். மன்னித்துவிட்டார் என்று சொன்னேன்.

அதை நம்பியபடியே சேர் போன மாதம் இறந்துபோனார். அக்கா இந்த வருடம் திவசம் கொடுக்கவில்லை.