அனுப்பிடுங்க நைனா

எழுபதுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் ஒரு சிறு ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாக இருந்தேன். கருணைக் கொலை பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்துவிட்டு, அதைப் பேச ஆள் தேடிக்கொண்டிருந்த வாரம் அது.

வயிற்றில் புற்றுநோய் முற்றிய பழவேற்காட்டு மீனவர் ஒருவர் வார்டில் கிடந்தார். இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி என்னிடம் வந்து கும்பிட்டாள்.

"அவரு படற பாட்டைப் பாக்க முடியல நைனா. டாக்டராண்ட சொல்லி அனுப்பிடுங்க."

ஊசி போட்டு அனுப்பச் சொல்கிறாள் என்றே நினைத்துவிட்டேன். அவளோடு வார்டுக்குப் போய் அவர் கட்டிலருகே நின்று, உயிரை எடுக்க டாக்டருக்கு உரிமை உண்டா, சட்டம் என்ன சொல்கிறது என்று பத்து நிமிடம் பொழிந்தேன்.

அவள் பதறிப்போனாள். "ஐயோ, இன்னா நைனா பேசறே? ஊட்டுக்கு அனுப்பச் சொன்னேன். ஏரிக் காத்துல படுக்கணும்னு கேக்குறாரு."

கட்டிலிலிருந்து மெலிந்த குரல் வந்தது. "உடு புள்ளே. இவரு பேசி முடிக்கறதுக்குள்ள எமனே வந்துடுவான். ஊட்டுக்கு இட்டுனு போ."

அன்று மாலையே வலிக்கு மருந்து கொடுத்து டாக்டர் அனுப்பிவைத்தார்.

அந்த விஷயத்தைப் பற்றிப் பிறகும் நிறையப் படித்தேன்; தீர்மானமாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் சாவைப் பற்றி அவர் தலைமாட்டிலேயே நின்று அத்தனை பேசிய நான், உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.