அசையாத நரி

என்னிடம் விரல் நீளத்துக்கு ஒரு படச்சுருள் துண்டு இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால், பனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நரி தெரியும். எல்லாக் கட்டத்திலும் அதே நரி, அதே இருப்பு. வெள்ளைக்காரன் கார்ட்டூன் என்றால் கட்டத்துக்குக் கட்டம் பூனையின் வாலாவது கொஞ்சம் நகர்ந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் ஒரு ஞாயிறு மத்தியானம் நான் ஒரு நல்ல மனிதர் மேல் பாய்ந்தேன்.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. காஜா பேராங் பக்கம் ஒரு தியேட்டரில் நான் டிக்கெட் கிழிப்பவன். படிப்பே வேண்டாத வேலை என்பதால் எனக்குக் கிடைத்தது. அதையும் கோணலாகத்தான் கிழிப்பேன். மேலே மெஷின் ரூமில் ஆபரேட்டர் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் அவரையும் அவர் தம்பியையும் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தது அவர் மட்டும். அதைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. ஆனால் பெரிய படத்துக்கு முன்னால் ஓடும் வெள்ளைக்காரன் கார்ட்டூன் என்றால் அவருக்கு உயிர். பூனை மலையிலிருந்து விழும், அப்பளமாகும், உதறிக்கொண்டு எழும். "செத்தவன் எந்திரிச்சு வரான் பாருடா!" என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

அப்புறம் தியேட்டர் முதலாளி, எங்கள் தவுக்கே, ஒரு முழுநீள ஜப்பான் கார்ட்டூனைக் கொண்டுவந்து இறக்கினார். பெட்டி மேலிருந்த எழுத்தைப் பார்த்ததும் அண்ணன் முகம் மாறிவிட்டது. படியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஓட்டுறேன்லா. பாதியில சுருளப் புடிச்சு நிறுத்துவேன். வெளக்குச் சூட்டுல பத்திக்கும். எரியட்டும்."

தவுக்கேயிடம் சொன்னால் அண்ணன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், கீழே அரங்கு நிறையப் பிள்ளைகள். டிக்கெட்டைக் கச்சான் கடலை விற்பவன் கையில் திணித்துவிட்டு மேலே ஏறினேன்.

"என்னாலா, இங்க ஒனக்கு என்னா வேல?"

"கீழ காத்தே இல்லண்ணே" என்றேன். அடுப்பாய்க் கொதிக்கும் மெஷின் ரூமுக்குள் வந்து நின்றுகொண்டு இப்படிச் சொல்ல என்னைப் போல ஒரு முட்டாளால்தான் முடியும். மணல் வாளியை மெதுவாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

படத்தில் இரண்டு நரிகள், அண்ணனும் தம்பியும். பெரியது சின்னதை முதுகில் சுமந்து பனியில் நடந்தது. துரத்தல் இல்லை, தலையில் சட்டி விழவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நான் அண்ணன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன நரி முதுகிலிருந்து சரிந்து விழுந்தபோது என் கண்ணும் திரைக்குப் போய்விட்டது.

"இப்ப எந்திரிச்சிரும் பாருங்கண்ணே" என்றேன், பழக்கதோஷத்தில்.

எழவில்லை. பெரியது பக்கத்தில் உட்கார்ந்தது. அப்படியே படம் நின்றுவிட்டது. இசை இல்லை, நரியின் காதுகூட ஆடவில்லை. கீழே விசில் பறந்தது. "ஓய்! மெஷினு நின்னு போச்சு!"

நிறுத்திவிட்டார்! இனி திரையில் பழுப்பாக ஒரு பொத்தல் விழும், அப்புறம் தீ. பாய்ந்து அவரைக் கட்டிப் பிடித்தேன். வாளி என் கால்மேலேயே கவிழ்ந்தது.

அவர் இரண்டு கையும் மடியில் இருந்தன. சுருள் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"விடுறா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அது சும்மா ஒக்காந்திருக்கு, அவ்வளவுதான்."

கீழே விசிலும் அடங்கிவிட்டது. ரொம்ப நேரம் கழித்து நரி எழுந்து தனியாக நடந்தது.

"நானும் இப்படித்தான் ஒக்காந்திருந்தேன்" என்றார். "எந்திரின்னு ஒரு ஜப்பான்காரன் கத்துனான்." பிறகு, "இத வரஞ்சவனும் ஜப்பான்காரந்தானே?" என்று கேட்டார். நான் குனிந்து, கொட்டிய மணலை வாளியில் அள்ளிப் போட்டேன்.

பெட்டி திரும்பிப் போகும் முன் ஒரு துண்டை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஒட்டி அனுப்பிவிட்டார். எரிக்கப் போன மனிதர் திருடிக்கொண்டு வந்தார். அவர் இறந்த பிறகு அண்ணிதான் அந்தத் துண்டை என்னிடம் கொடுத்தார்.

நேற்று புக்கிட் பாரு வீட்டில் பேரன் டிவியில் ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பையன் மழையில் அசையாமல் நின்றான்.

"லைன் போச்சாடா?"

"போகல தாத்தா. அவன் ஃபிரெண்டு செத்துட்டான்" என்றான், திரும்பிப் பார்க்காமலே.

துண்டை எடுத்து டிவி வெளிச்சத்தில் பிடித்தேன். கடைசிக் கட்டம்வரை நரி உட்கார்ந்தே இருக்கிறது. அது எழுவதற்கு முன்பே அண்ணன் வெட்டியிருக்கிறார்.